லீகல்தானே? விமானியின் தூக்கத்துக்கு யார் கையெழுத்து?

கார்த்திகை தீபம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, 2025 டிசம்பர் 7. ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் நண்பர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கூடியிருந்தோம். பிராய் அடுப்பில் சோளக்கதிர் வெந்துகொண்டிருந்தது. வீட்டுப் பெண்கள் அகல்விளக்குகளை எண்ணெய் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மிட்ராண்டில் மென்பொருள் வேலை பார்க்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவர் போனை என் முன்னால் நீட்டினார். இண்டிகோ விமானங்கள் ரத்தானதில், இந்திய விமான நிலையம் ஒன்றில் சூட்கேஸ்கள் மலைபோல் குவிந்து கிடந்தன.

"அண்ணே, நீங்க ஏர்லைன்ல இருந்தவரு. பைலட் கொஞ்சம் கூடுதலா தூங்கணும்னு ஒரு சட்டம் போட்டதுக்கா இத்தனை ப்ளைட் நிக்குது?"

கொல்லைப்புறத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு விமான நிறுவனத்தில், யாரை எந்த விமானத்துக்கு அனுப்புவது என்று பார்க்கும் க்ரூ கன்ட்ரோல் அறையில் பல ஆண்டுகள் இரவு ஷிப்ட் பார்த்தவன் நான். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்த அறையில் இரவெல்லாம் காதில் விழும் வார்த்தை ஒன்றுதான்: "லீகல்தானே?" ஒரு விமானியை அனுப்பலாமா என்றால், அவர் கடைசியாக எப்போது இறங்கினார், எத்தனை மணி நேரம் ஓய்வு கிடைத்தது, இந்த வாரம் எவ்வளவு பறந்தார் என்று கணினி கணக்குப் போடும். பச்சை வந்தால் லீகல், சிவப்பு வந்தால் வேறு ஆள் தேட வேண்டும். ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்கு அந்தத் திரையில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஒரு ஜூலை இரவு, மணி 2:10. வெளியே ஹைவெல்ட் குளிர். காலை முதல் விமானத்துக்கு வரவேண்டிய துணை விமானிக்குக் காய்ச்சல். அவசரத்துக்குக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை பட்டியலில் முதலில் இருந்தவருக்குப் போன் போட்டேன். ஏழாவது மணியில் எடுத்தார். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். "4:30 ரிப்போர்ட்டிங், வர முடியுமா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நான் லீகல்தானே?" என்று என்னிடமே கேட்டார். திரையைப் பார்த்தேன், பச்சை. "ஆமாம், லீகல்" என்றேன். வந்தார், பறந்தார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. தூங்காதவன் குரல் எப்படி இருக்கும் என்று க்ரூ கன்ட்ரோலில் இருக்கிற எவருக்கும் தெரியும். தெரிந்துதான் பச்சை என்று சொன்னேன்.

1997-ல் 'நேச்சர்' இதழில் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைவேகமும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்பது அதன் சாரம். தென்னாப்பிரிக்காவில் சாதாரண ஓட்டுநருக்கான சட்ட வரம்பும் அதே 0.05தான். மினிபஸ் டாக்சி ஓட்டுபவர் போன்ற தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02. ஞாயிறு இரவு என்-3 நெடுஞ்சாலையில் போலீஸ் வண்டியை ஓரங்கட்டி ஊதச் சொல்லும். தூக்கத்தை ஊதிக் கண்டுபிடிக்கிற கருவி இதுவரை வரவில்லை. அதனால்தான் விமானத் தொழிலில் களைப்பைத் தடுக்க இருக்கும் முதல் வேலி பணிநேர விதி. அந்த வேலியைப் போடுவதும் அவிழ்ப்பதும் ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில்.

இந்தியக் கதையை 2010-லிருந்து தொடங்கினால்தான் புரியும். அந்த ஆண்டு மே 22 அதிகாலை துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, மேசை போன்ற குன்றின் மேல் இருக்கும் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. இருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். காக்பிட் குரல் பதிவில் இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடம் இருந்தது. அதில் முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் கேப்டனின் பேச்சே இல்லை, குறட்டையும் கனத்த மூச்சும்தான். இறங்கும் நேரத்தில் எழுந்தவர் உயரத்திலும் வேகத்திலும் கூடுதலாகவே வந்தார். துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' (இறங்காமல் மேலேறிச் சுற்றி வரலாம்) என்று சொன்னார். கேட்கவில்லை. சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் மூளை மந்தமாக இருக்கும் நிலையை விசாரணை நீதிமன்றம் ஒரு காரணியாக எழுதியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கேப்டன் விடுப்பு முடிந்து வேலைக்கு வந்தவர், பணிநேரக் கணக்கில் வரம்பு மீறியவர் இல்லை. எங்கள் அறையில் இருந்திருந்தால் திரையில் பச்சைதான் காட்டியிருக்கும்.

உடலுக்கு ஒரு கடிகாரம் உண்டு. இரவு 2 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே அது அடிமட்டத்துக்குப் போகும், எவ்வளவு நல்ல விமானியாக இருந்தாலும் சரி. எத்தனை மணி நேரம் வேலை என்பதைவிட எந்த மணி நேரம் வேலை என்பதுதான் கேள்வி. பழைய விதிகளில் இந்தப் புரிதல் குறைவு.

2024 ஜனவரி 8-ம் தேதி இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையமான டி.ஜி.சி.ஏ. புதிய பணிநேர விதியை அறிவித்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. 'இரவு' என்பது நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை என்று இருந்தது, 6 வரை நீண்டது. இரவுப் பணியில் 6 தரையிறக்கம் வரை போகலாம் என்றிருந்ததை 2-ஆக வெட்டினார்கள். விமானிகள் தரும் களைப்பு அறிக்கைகளை நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் சேர்த்தார்கள். என் கணக்கில் இது நல்ல விதி. நான் போன் போட்ட அந்த 2:10 மணியைப் புரிந்துகொண்டு எழுதிய விதி.

அது 2024 ஜூன் 1-ல் அமலுக்கு வரவேண்டும். வரவில்லை. ஆள் போதாது, விமானங்களை ரத்துசெய்ய வேண்டிவரும் என்று விமான நிறுவனங்கள் முறையிட்டன. ஆணையம் தேதியைத் தள்ளியது. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விடாமல் நின்றன. நீதிமன்றத்தின் முன் நிற்கும்போதுதான் ஆணையம் ஒரு கால அட்டவணையை வைத்தது: 22 பிரிவுகளில் 15 பிரிவுகள் 2025 ஜூலை 1-லிருந்து, மீதி நவம்பர் 1-லிருந்து. மீதி என்று நிறுத்தி வைத்ததில்தான் இரவு விதிகள் இருந்தன. பந்தியில் சோறு கடைசியில் வருவது மாதிரி.

அறிவிப்பிலிருந்து முழு அமலுக்கு 22 மாதம். ஒரு துணை விமானியைக் கேப்டனாக உயர்த்தப் பயிற்சி, சிமுலேட்டர், லைன் டிரெய்னிங் எல்லாம் சேர்த்தாலும் 22 மாதத்தில் நிறையப் பேரைத் தயார் செய்யலாம். இந்தியாவில் உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றிச்செல்லும் இண்டிகோ என்ன செய்தது? அதன் ஏர்பஸ் ஏ320 வகை விமானங்களுக்குப் புதிய விதியின்படி 2,422 கேப்டன்கள் தேவை, கையில் இருந்தது 2,357. துணை விமானிகள் 2,153 தேவை, 2,194 பேர் இருந்தார்கள். டிசம்பரில் வெளிவந்த கணக்கு இது. அதாவது 65 கேப்டன்கள் குறைவு.

அந்தக் கணக்கைப் பார்த்துத் திருநெல்வேலித் தம்பி கேட்ட கேள்வி இதுதான். "வெறும் 65 பேருக்கா அண்ணே?" ஆமாம். க்ரூ கன்ட்ரோலில் உட்கார்ந்தவனுக்கு இது ஆச்சரியமே இல்லை. விமானியின் கடிகாரம் விமானம் கிளம்பும்போது ஓடத் தொடங்குவதில்லை. அவர் ரிப்போர்ட் செய்த நிமிடத்திலிருந்தே ஓடுகிறது. இரவு பத்து மணிக்குச் சென்னையில் ஒரு கேப்டன் இல்லை என்று வையுங்கள். அந்த விமானம் அங்கேயே நிற்கும். அதே விமானத்தில் காலையில் கொல்கத்தாவிலிருந்து பறக்க வேண்டிய க்ரூ அங்கே சீருடையோடு காத்திருக்கும், அவர்கள் கடிகாரமும் ஓடும். நான்கு மணி நேரம் கழித்து விமானம் வந்துசேரும்போது அவர்களுக்கு இரண்டு செக்டார் (ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு செக்டார்) பறக்க நேரம் மிச்சமிருக்காது. 'டைம் அவுட்' என்போம். இப்போது இன்னொரு க்ரூவை ஸ்டாண்ட்பையிலிருந்து எடுக்க வேண்டும். ஸ்டாண்ட்பை மதியத்துக்குள் காலி. அப்புறம் விமானம் இருக்கும், விமானியும் இருப்பார், இரண்டு பேரும் வேறு வேறு ஊரில் இருப்பார்கள். தறியில் ஒரு இழை அறுந்தால் பாவு முழுக்கச் சிக்குவது போலத்தான். ஒரு நாளைக்கு 2,200 விமானங்கள் ஓட்டும் நிறுவனத்தில் உபரி ஆள் இல்லாவிட்டால், 65 பேர் குறைவு 65 விமானங்களோடு நிற்காது.

நவம்பரிலேயே அறிகுறி தெரிந்தது. அந்த மாதம் இண்டிகோ 1,232 விமானங்களை ரத்துசெய்தது. அதில் 755 ரத்துகளுக்கு விமானி மற்றும் பணிநேரக் காரணம்தான் என்று ஆணையமே சொன்னது. டிசம்பர் 2, 3 தேதிகளில் சரிவு தொடங்கியது. டிசம்பர் 3 மாலைதான் இங்கே நாங்கள் கார்த்திகை விளக்கு ஏற்றினோம். டிசம்பர் 5-ம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து. 3 முதல் 5 வரை மூன்று நாளில் மட்டும் 2,507 ரத்து, 1,852 தாமதம், மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் தவிப்பு.

இங்கேதான் நிகழ்வின் முடிச்சு இருக்கிறது. ஆள் எடுக்காதது நிறுவனத்தின் தப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் குளிர்கால அட்டவணைக்கு ஒப்புதல் கொடுத்தது யார்? வாரத்துக்கு 15,014 புறப்பாடுகள் என்று டி.ஜி.சி.ஏ.தான் அனுமதித்தது. கோடைகால அட்டவணையைவிடச் சுமார் 6 சதவீதம் கூடுதல். ஓய்வை நீட்டும் விதியும் பறத்தலைக் கூட்டும் அட்டவணையும் ஒரே அலுவலகத்திலிருந்து, ஒரு வார இடைவெளியில் அமலுக்கு வந்தன. இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இதற்கு எத்தனை கேப்டன் வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள்?' என்று ஒரு கூட்டல் கழித்தல் போட்டிருந்தால் 65 என்ற எண் அக்டோபரிலேயே கிடைத்திருக்கும். நான்காம் வகுப்புக் கணக்கு.

சரி, நெருக்கடி வந்தது. ஆணையம் என்ன செய்தது? டிசம்பர் 5 அன்று இரண்டு காரியம். வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்குக் காட்டக் கூடாது என்ற உத்தரவை எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்துத் திரும்பப் பெற்றது. இண்டிகோவின் ஏ320 விமானிகளுக்கு மட்டும் இரவுப் பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தது. விமானிகள் சங்கங்கள் கொதித்தன. நியாயம்தான். தயாராகாதவருக்கு விலக்கு, தயாரானவருக்கு விதி என்றால் அடுத்த தடவை யார் தயாராவார்கள்?

எதிர்வாதமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். லட்சக்கணக்கான பேர் தரையில் படுத்துக் கிடக்கும்போது ஆணையம் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. பழைய விதியில் அதுவரை பறந்துகொண்டுதானே இருந்தார்கள், இன்னும் இரண்டு மாதம் பறந்தால் என்ன என்று கேட்கலாம். நானே அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அன்று இரவு அதே கையெழுத்தைத்தான் போட்டிருப்பேனோ என்னவோ. என் கேள்வி டிசம்பர் 5 பற்றியது இல்லை. அதற்கு முந்தைய 22 மாதம் பற்றியது.

பின்னால் தண்டனைகள் வந்தன. இண்டிகோவின் விமானங்களை 10 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். ஆணையம் தன் பக்கத்திலிருந்து நான்கு ஃப்ளைட் ஆபரேஷன்ஸ் இன்ஸ்பெக்டர்களை வேலையை விட்டு அனுப்பியது. 2026 ஜனவரியில் நிறுவனத்துக்கு ரூ.22.20 கோடி அபராதம். அதைப் பிரித்துப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. அதில் ரூ.20.40 கோடி, நாளொன்றுக்கு 30 லட்சம் வீதம் 68 நாளுக்கு விதிமீறியதற்கு. எந்த 68 நாள்? டிசம்பர் 5 முதல் பிப்ரவரி 10 வரை. ஆணையமே விலக்கு கொடுத்த அதே 68 நாள். கதவைத் திறந்துவிட்டவரே உள்ளே வந்தவருக்கு நுழைவுக் கட்டணம் போட்ட மாதிரி. அந்த 68 நாளும் அதிகாலை நான்கு மணிக்கு மூன்றாவது தரையிறக்கத்துக்குத் தயாரான விமானியின் கண்ணுக்கு அபராத ரசீது என்ன செய்யும்?

தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு இந்தியாவை மட்டும் குறைசொல்வது சரியாகாது. இங்கே நேர்மாறான ஒன்றைப் பார்த்தோம். 2022 மார்ச் 12, சனிக்கிழமை. நம் சிவில் ஏவியேஷன் ஆணையம் கோமேர் நிறுவனத்தின் உரிமத்தை முதலில் 24 மணி நேரத்துக்கு, அப்புறம் காலவரையின்றி நிறுத்திவைத்தது. அடுத்தடுத்து நடந்த சில தொழில்நுட்பச் சம்பவங்கள், பாதுகாப்பு நிர்வாகத்தில் கண்ட குறைகள் காரணம். 1946-லிருந்து பறந்த நிறுவனம், குலுலா என்ற பச்சை விமானங்களை ஓட்டியவர்கள், உள்நாட்டு இருக்கைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் அவர்களிடம். டர்பனில் கல்யாணத்துக்குப் போகவேண்டியவர்கள் என்-3-ல் ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் போனார்கள். சில நாளில் தடை நீங்கியது. ஆனால் ஏற்கனவே 2020-லிருந்து நிறுவன மீட்பு நடவடிக்கையில் (பிசினஸ் ரெஸ்க்யூ) தள்ளாடிய நிறுவனம் மே இறுதியில் பறப்பதை நிறுத்தி, ஜூனில் மூடப்பட்டது. ஆணையம்தான் கொன்றது என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. கடுமையாக நடந்தால் கிடைக்கும் பெயர் அதுதான். இதைப் பார்த்த எந்த நாட்டு அதிகாரிக்கும் விலக்கு கொடுப்பது சுலபமான வழியாகத் தெரியும்.

இன்னொன்று, 2020 ஜனவரி 23. ஜார்ஜ் நகருக்கு அருகே ஒரு செஸ்னா சைட்டேஷன் மலையில் மோதி மூன்று பேர் இறந்தார்கள். விமான நிலையத்தின் வழிகாட்டும் கருவிகளைச் சரிபார்க்கப் போன விமானம். அதன் உரிமையாளர் வேறு யாருமில்லை, அதே ஒழுங்குமுறை ஆணையம். விபத்து விசாரணைப் பிரிவும் அந்த ஆணையத்தின் கூரைக்குக் கீழ்தான் இருந்தது. தன் விமானம், தன் ஊழியர், தன் விசாரணை என்றால் யார் நம்புவார்கள்? அமைச்சர் எத்தியோப்பியாவின் விபத்து விசாரணை அமைப்பை அழைக்க வேண்டிவந்தது. தனியான விசாரணை வாரியம் வேண்டும் என்று 2009-ம் ஆண்டுச் சிவில் ஏவியேஷன் சட்டத்திலேயே எழுதியிருந்தது. பதினோரு ஆண்டு கழித்தும் அது காகிதத்தில்தான் இருந்தது.

ஒழுங்குமுறை ஆணையங்கள் ஒவ்வொரு விமான நிறுவனத்திடமும் ஒரு பெயரைக் கேட்கும். 'அக்கவுண்டபிள் மேனேஜர்' என்பது அந்தப் பதவி. பணம் ஒதுக்கும் அதிகாரமும், பாதுகாப்புக்கு இறுதிப் பொறுப்பும் உள்ள ஒரே ஆள். நாளைக்கு ஏதாவது நடந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். விமானி ஒவ்வொரு பறத்தலுக்கும் கையெழுத்துப் போடுகிறார். எடைக் கணக்கு எழுதும் லோட் ஷீட்டில் கையெழுத்து இருக்கிறது, பழுதுகளைப் பதியும் டெக் லாகில் பொறியாளர் கையெழுத்து இருக்கிறது, ரோஸ்டர் என்கிற பணிப்பட்டியல் மாற்றத்தில் என் எண் இருந்தது. அந்த ஜூலை இரவு ஏதாவது ஆகியிருந்தால் 2:10-க்கு யார் போன் போட்டது என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். விலக்கு கொடுக்கும் கடிதத்துக்குப் பின்னால் மட்டும் ஆணையத்தின் பெயர் நிற்கிறது, ஆள் நிற்பதில்லை. அட்டவணைக்கு ஒப்புதல் கொடுத்தபோது கேப்டன் எண்ணிக்கையைப் பார்த்தவர் யார், பார்க்காமல் விட்டவர் யார் என்பது நான்கு இன்ஸ்பெக்டர்களோடு முடிகிற விஷயம் என்று எனக்குத் தெரிந்த எந்த க்ரூ கன்ட்ரோலரும் நம்பமாட்டார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விலக்குக் கடிதத்தை அன்றே பொதுவில் வையுங்கள். எந்த ஆபத்தை எடைபோட்டு, அதற்கு மாற்றாக என்ன பாதுகாப்பு வைத்துக் கொடுத்தீர்கள் என்று அதில் எழுதுங்கள், பெயர் போட்டுக் கையெழுத்திடுங்கள். காலாண்டுக் களைப்பு அறிக்கைகளில் எத்தனை வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன என்ற எண்ணையாவது வெளியிடுங்கள். விமானி 'எனக்குக் களைப்பு, பறக்க முடியாது' என்று சொன்னால் அடுத்த மாத ரோஸ்டரில் அவரை யாரும் பழிவாங்கவில்லை என்று வெளியாள் ஒருவர் சோதிக்கட்டும்.

இதில் அன்றுவரை தெரிந்ததை மட்டும் அந்த ஞாயிறு, சோளக்கதிர் ஆறும்வரை தம்பியிடம் சொன்னேன். அவர் பொங்கலுக்கு ஊர் போக எடுத்திருந்த டிக்கெட்டை போனில் திறந்து, வரிகள் பகுதியைக் காட்டச் சொன்னேன். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிளம்பும் டிக்கெட் என்பதால் பயணி பாதுகாப்புக் கட்டணமும் அதற்குள் இருந்தது. இரண்டு பேர் பீட்சா வாங்கும் காசுகூட ஆகாது.

"இது யாருக்குண்ணே போகுது?"

"ஏர்லைன் உங்ககிட்ட வாங்கி இங்க இருக்கிற ஆணையத்துக்குக் கட்டுது. அவங்க வருமானத்துல பெரும்பங்கு இதுதான்."

அவர் திரையைப் பெரிதாக்கி இன்னொரு முறை பார்த்தார். "அப்ப சம்பளம் கொடுக்கிறது நான்தானா?" என்றார். அதற்குள் உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள்.